ஆலோசனைக்கு அவசரம்

உளவியல் துறையில் யாருக்கும் கோபம் வராது. வந்தால் அதன் பெயர் இடப்பெயர்ச்சி. யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், நியாயப்படுத்துவார்கள். பரீட்சையை நினைத்து யாருக்கும் வயிற்றைக் கலக்காது. சூழ்நிலைப் பதற்றம் மட்டும் வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் தலை சாய்த்துக் குறட்டை விடுகிறவனைக்கூட அங்கே தூங்குகிறான் என்று சொல்லிவிட முடியாது. நனவுநிலை மாறியிருக்கிறான்.

சமயநல்லூரைத் தாண்டி நாலுவழிச் சாலை ஓரத்தில் இருக்கிறது அந்தக் கல்லூரி. முன்னால் அது அரிசி ஆலை. ஆலை படுத்துக்கொண்டதும் முதலாளி அதே கட்டடத்துக்கு வெள்ளையடித்துத் தாளாளர் ஆகிவிட்டார். நெல் காயப்போட்ட களம் வளாகம் ஆனது. ஊறல் தொட்டியைச் சுற்றிக் கம்பி போட்டு, அதற்குத் தாமரைத் தடாகம் என்று பெயர் வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரியிலும் இல்லாத பாடமாக ஒன்று வேண்டுமே என்று யோசித்தபோது யாரோ உளவியல் என்றார்கள். அதற்கு ஆய்வகம் வேண்டுமா என்று தாளாளர் கேட்டார். பெரிதாக ஒன்றும் வேண்டாம், மனசுதான் ஆய்வகம் என்று பதில் வந்தது. அன்றைக்கே துறை திறக்கப்பட்டது.

துறைத்தலைவர் முனைவர் வெள்ளைத்துரை. அவருக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை. எந்தச் சங்கடத்துக்கும் சரியான கலைச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சங்கடம் தீர்ந்தது. அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. அதனால் துறையில் காலை வணக்கப் பாட்டு கிடையாது. எல்லோரும் எழுந்து நின்று கலைச்சொல் ஒப்பிக்க வேண்டும்.

"தூண்டல் என்பது யாது?"

"உயிரியைச் செயல்பட வைக்கும் எதுவும் தூண்டல் ஆகும்."

"துலங்கல் என்பது யாது?"

"தூண்டலுக்கு உயிரி காட்டும் எதிர்வினை துலங்கல் ஆகும்."

இந்த ஒப்பித்தலில் முதல் வரிசைக் குரல் தமிழ்ச்செல்வியுடையது. அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், இரண்டாம் ஆண்டு. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரிக்குள் போனவர் ஒருவர்தான்: சித்தப்பா, பந்தல் போட. வீட்டில் அவள் பார்த்த மனசு விவகாரமெல்லாம் மூன்றே வார்த்தைக்குள் அடங்கும். கோவம், கவலை, வெறுப்பு. இங்கே வந்தபிறகுதான் மனுசனுக்கு இம்புட்டு வியாதி உண்டு என்று தெரிந்தது. அத்தனையையும் மனப்பாடம் செய்தாள். மார்க் கொட்டியது. இதில் எது எனக்குப் புரிந்தது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. கழிவறை விவகாரம் வரும்வரை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை, முதல் இடைவேளை மணி அடித்ததும் வழக்கம்போலப் பிள்ளைகள் தாழ்வாரக் கடைசிக்கு ஓடினார்கள். பெண்கள் கழிவறைக் கதவில் புதுப் பலகை தொங்கியது. பச்சையில் ஒரு மனிதத் தலை, தலைக்குள் ஒரு தாமரை, கீழே 'மாணவர் மனநல ஆலோசனை மையம்'.

"ஏய், இது நம்ம கக்கூஸுதானே?" என்றாள் ஆன்சி. அவள் தமிழ்ச்செல்வியின் பெஞ்சுக்காரி, சமயநல்லூர்ப் பெண். எதையும் அதனதன் பெயர் சொல்லியே கூப்பிடுவதால் துறையில் கடைசி மார்க் வாங்குகிறவள்.

கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். சுவர் முழுக்க அதே வெள்ளை டைல்ஸ். மூன்று தடுப்பில் இரண்டை இடித்திருந்தார்கள். மூன்றாவது தடுப்புக்குக் கதவு மட்டும் இல்லை. உள்ளே கழிப்பிடத்தின் மேல் பலகை அடித்து, அதன்மேல் சிவப்பு மெத்தை போட்டிருந்தது. எதிரே ஒரு மேசை, நாற்காலி. மேலே தண்ணீர்த் தொட்டியை மறைத்து ஓர் அருவிப் படம்.

உதவியாளர் சோணை துடைப்பத்தோடு நின்றார். "தரமதிப்பீட்டுக் குழு வருதாம்த்தா. ஆலோசனை மையம் இருந்தா மார்க்காம். கக்கூஸுக்கு மார்க் இல்லையாம். அதேன்."

"முழுசா இடிக்கலையாண்ணே?"

"கொத்தனாரு பொங்கலுக்கு ஊருக்குப் போனவரு திரும்பல. தொட்டி, குழாய் எல்லாம் அப்படியேதான் கெடக்கு. மேல பலகையப் போட்டு மெத்தைய வச்சிரு, அம்புட்டுதேன்னாரு தாளாளரு."

"அப்ப நாங்க எங்கண்ணே போறது?"

சோணை துடைப்பத்தைப் பார்த்தார். மெயின் கட்டடத்தில் இருந்த பெண்கள் கழிவறையில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்து வருஷம் ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இருந்தது சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்ரோல் பங்க்தான்.

தமிழ்ச்செல்வி முதல் வரிசைக் குரல் என்பதால் அவளைத்தான் துறைத்தலைவரிடம் அனுப்பினார்கள். வெள்ளைத்துரை அப்போதுதான் பக்கத்திலிருந்த ஆண் ஆசிரியர்கள் கழிவறையிலிருந்து வந்து, துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்களுக்கு டாய்லெட் இல்ல சார்."

"இது பாமரப் பேச்சு. கலைச்சொல்லோட வா."

தமிழ்ச்செல்வி யோசித்தாள். "உடலியல் தேவை நிறைவேறல சார்."

"குட். தேவைகளின் பிரமிட்ல அது எந்தப் படி?"

"அடிப்படி சார்."

வெள்ளைத்துரை திரும்பிக் கரும்பலகையில் பிரமிடு வரைந்தார். வரைய ஆரம்பித்தால் அவருக்குக் குரல் தானாக மேடைக்குரல் ஆகிவிடும்.

"கீழ பசி, தாகம், நீ சொல்ற அந்த இது. அதுக்கு மேல பாதுகாப்பு. அப்புறம் அன்பு. அப்புறம் மதிப்பு. உச்சியில தன்னை முழுமையாக்கல். உலகத்துல ரொம்பப் பேரு உச்சிக்கு வர்றதில்ல. நான் இப்ப எங்க இருக்கேன்?"

"தெரியல சார்."

"உச்சியில. எப்படி ஏறுனேன்? கீழ பாக்காம ஏறுனேன். நீங்க செகண்ட் இயர் வந்தும் அடிப்படியிலயே நிக்கிறீங்க. உங்க வீட்டுல நீதான முதல் பட்டதாரி?"

"ஆமா சார்."

"அதான்."

அந்த 'அதான்' என்பதற்கு மேல் அவர் விளக்கம் சொல்லவில்லை. துண்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டார். "மனசுல ஏதாவது அழுத்தம் இருந்தா கவுன்சலிங் போ. புதுசா மையம் திறந்திருக்கோம்."

போனாள். வேறு எங்கே போவாள்.

ஆலோசகர் ஆனிமேரி மிஸ் திருநகர்க்காரர். தொகுப்பூதியத்தில் மூன்று பாடம் எடுத்து, இதையும் பார்க்கச் சொன்னதால் பார்க்கிறவர். தமிழ்ச்செல்வியைச் சிவப்பு மெத்தையில் உட்காரச் சொன்னார். பலகை ஆடியது. அடியில் எங்கோ சொட்டு சொட்டென்று தண்ணீர் விழுந்தது.

"அந்தச் சத்தத்தை மட்டும் கவனிம்மா. மனசு தளரும்."

"மனசு தளரல மிஸ். வேற தளருது."

"உனக்கு என்ன பிரச்சினை?"

"டாய்லெட் வேணும் மிஸ்."

"இந்த எண்ணம் எப்ப இருந்து வருது?"

"காலைல டீ குடிச்சதுல இருந்து."

ஆனிமேரி குனிந்து எழுதினார். "இதுக்கு முன்னாடி, சின்ன வயசுல, இப்படித் தோணியிருக்கா?"

"டெய்லி தோணும் மிஸ்."

"அப்ப வீட்டுல எப்படிச் சமாளிச்ச?"

"போயிட்டு வந்தேன் மிஸ்."

ஆனிமேரியின் பேனா நின்றது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "தமிழு, நானும் காலைல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. வீட்டுக்குப் போய்த்தான். நான் இத உங்கிட்டச் சொல்லல, நீ கேக்கல. இங்க பேசுறது வெளிய போகாது. ஆலோசனையில அதுக்கு ரகசியக் காப்புன்னு பேரு. யாரு கேட்டாலும், துறைத்தலைவரே வந்து கதவைத் தட்டினாலும், உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லக் கூடாது."

பிறகு குரலை உயர்த்தி, "நல்லாப் பேசுன. அடுத்த வாரம் வா" என்றார்.

அடுத்த வாரத்துக்குள் துறை இந்தப் பிரச்சினையை அறிவியல்பூர்வமாக அணுகிவிட்டது. வெள்ளைத்துரை தாழ்வாரத்தில் நின்று கவனித்தார். இடைவேளை மணி அடிக்கிறது. உடனே பெண்கள் எழுந்து பெட்ரோல் பங்குக்கு ஓடுகிறார்கள். லாரிகள் பிரேக் அடிக்கின்றன. பங்க்கில் இருப்பது ஒரே அறை. அதன் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கிறவன் ஒவ்வொரு தடவையும், "என்ன, காலேஜ்ல வசதி இல்லையா?" என்று தெரியாதவன் மாதிரி கேட்பான். இதில் கடைசி இரண்டு விஷயத்தை வெள்ளைத்துரை கவனிக்கவில்லை. மணியையும் ஓட்டத்தையும் மட்டும் கவனித்தார். மறுநாள் வகுப்பில் வந்து நின்றார்.

"மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறுச்சே, அது என்ன?"

"ஆக்கநிலையுறுத்தம் சார்."

"அதேதான் உங்களுக்கு நடக்குது. உங்களுக்கு உண்மையில வரல. மணி அடிக்குது, அதனால வருது. மணியை நிறுத்திட்டா?"

வகுப்பு நோட்டைப் புரட்டியது.

"துலங்கல் அணைஞ்சிடும்" என்று அவரே முடித்தார்.

இடைவேளை மணி நிறுத்தப்பட்டது. மணி இல்லாததால் இடைவேளையும் இல்லை. துலங்கல் மட்டும் அணையவில்லை. அப்படியென்றால் தூண்டல் வேறெங்கோ இருக்கிறது என்று தேடினார். தாழ்வாரத்துத் தண்ணீர் டிரம் அகப்பட்டது. சோணை அதை உருட்டிக்கொண்டு போனார்.

"சார், பசங்க டாய்லெட் மட்டும் அப்படியே இருக்கே சார்" என்றாள் ஆன்சி.

வெள்ளைத்துரைக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போனது. ஆன்சி கேட்டு அவர் சந்தோஷப்பட்ட ஒரே கேள்வி அதுதான். "எந்தச் சோதனைக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் குழு வேணும்மா. ஒரு குழுவுக்கு எல்லாத்தையும் எடுப்போம், இன்னொரு குழுவை அப்படியே விட்டிருவோம். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

"வித்தியாசம் தெரியுது சார்" என்றாள் ஆன்சி.

பின்வரிசையில் கட்டுப்பாட்டுக் குழு சிரித்தது.

தமிழ்ச்செல்வி தண்ணீர் குடிப்பதை விட்டாள். காலை டீயை விட்டாள். மதியம் சோற்றில் ரசம் ஊற்றிக்கொள்வதை விட்டாள். வகுப்பில் அவள் கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மேலே கீழே ஆடும், குறுக்கே போட்டு இறுக்குவாள், மறுபடி மாற்றுவாள். 'உள இயக்கக் கிளர்ச்சி' என்று அதற்கும் பாடத்தில் ஒரு சொல் இருந்தது. மனப்பாடம் செய்து எழுதினாள், முழு மார்க். எழுதிய அன்று ராத்திரி அடிவயிற்றில் தீ வைத்த மாதிரி எரிந்தது. மறுநாள் காய்ச்சல்.

டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுத் திட்டினார்: இதே மாதிரி அடக்கி வைத்தால் கிட்னி வரைக்கும் போகும், கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும், குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா சோலையம்மாள் ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "இன்னொரு தடவ ஊசின்னு வந்துச்சு, காலேஜு வேணாம். வீட்டுல இரு."

"டிகிரிக்கு இன்னும் ஒரு வருசந்தான்ம்மா."

"ஒடம்பு போனா டிகிரிய வச்சு என்ன செய்ய. நான் எட்டாப்போட ஏன் நின்னேன்னு நெனைக்கிற? படிப்பு ஏறலன்னா? கணக்குல நாந்தான் மொதல். பெரிய மனுசி ஆனதுக்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துல ஒதுங்க எடமில்ல. அதேன்."

"இத நீ சொன்னதே இல்லையேம்மா."

"சொல்ல என்னடி இருக்கு. எல்லாப் புள்ளையும்தான் நின்டுச்சு."

அதற்குப் பாடத்தில் என்ன பெயர் இருக்கும் என்று தமிழ்ச்செல்வி யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ சொல் வந்தது. ஒன்றையும் அம்மாவிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. முதல்தடவையாக அவளுக்கு அந்தச் சொற்களின் மேலேயே கோபம் வந்தது. இடப்பெயர்ச்சி அல்ல, கோபம்.

தரமதிப்பீட்டுக் குழு வரும் தேதி குறிக்கப்பட்டது. தாளாளர் கூட்டம் போட்டு, ஒவ்வொரு துறையும் புதுமையாக ஏதாவது காட்ட வேண்டும் என்றார். வணிகவியல் துறை ஒரு போலி வங்கி திறப்பதாகச் சொன்னது. வெள்ளைத்துரை எழுந்து, "நாங்க உயிருள்ள கலைச்சொல் கண்காட்சி வைக்கிறோம்" என்றார். தாளாளருக்குப் புரியவில்லை, அதனால் ரொம்பப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு மாணவரும் ஒரு கலைச்சொல். நெஞ்சில் குறுக்கே நாடா, அதில் சொல். குழு வரும்போது அந்தச் சொல்லாகவே நிற்க வேண்டும். ஒருவன் 'நினைவு', அவன் வசனத்தை மறந்துவிட்டதால் 'மறத்தல்' ஆக்கப்பட்டான். ஒருத்திக்கு 'பின்னோக்கம்', வாயில் விரல் சப்ப வேண்டும். ஆன்சிக்குக் கொடுத்தது 'மறுப்பு': என்ன கேட்டாலும் 'அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை' என்று சொல்ல வேண்டும்.

"இது எனக்கு எதுக்கு சார், ஆபீஸுல குடுங்க. நல்லாச் செய்வாங்க" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

முதல் வரிசைக் குரலுக்கு முக்கியமான சொல் ஒதுக்கப்பட்டிருந்தது: 'கற்றுக்கொண்ட இயலாமை'. அலங்காநல்லூர்ப் பந்தல்காரரான அவளுடைய சித்தப்பாவிடமே சொல்லி சவுக்குக் கம்பில் ஒரு கூண்டு கட்டி வாங்கினார்கள். அது ஆலோசனை மையத்துக்கு நேர் எதிரே தாழ்வாரத்தில் வைக்கப்பட்டது. கூண்டுக்கு ஒரு கதவு, விரியத் திறந்து.

"கான்செப்ட் புரியுதா?" என்றார் வெள்ளைத்துரை ஒத்திகையில். "கூண்டுக்குள்ள நாய்க்கு ஷாக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. அது கத்திப் பாத்துச்சு, குதிச்சுப் பாத்துச்சு, ஒண்ணும் நடக்கல. அப்புறம் கதவைத் திறந்து விட்டாலும் வெளிய வரல. படுத்துக்கிச்சு. நீயும் கதவு திறந்திருக்கும், ஆனா வரக்கூடாது."

"ஏன் சார் வரக்கூடாது?"

"ஏன்னா நீ கத்துக்கிட்ட."

"ஷாக் குடுத்தவங்கள அப்புறம் ஒண்ணும் பண்ணலையா சார்?"

"அவங்கதான் கோட்பாட்டைக் கண்டுபிடிச்சாங்க."

குழு காலை பத்து மணிக்கு வரும் என்றார்கள். தமிழ்ச்செல்வி நாடாவோடு கூண்டுக்குள் ஏறினாள். கையில் தண்ணீர் பாட்டில். காலையில் அம்மா நிறைத்துக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் காலி பாட்டில் வரணும். இல்ல, நாளைக்கு நீ போக மாட்ட" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். குடித்தாள். பத்து மணிக்குக் குழு வணிகவியலில் இருந்தது. குடித்தாள். போலி வங்கியில் குழுத் தலைவர் நிஜமாகவே கணக்குத் தொடங்க ஆசைப்பட்டதால் நேரமானது. பாட்டில் காலி. பிறகு குழு சாப்பிடப் போனது. அயிரை மீன் குழம்பு வாசனை தாழ்வாரம் வரை வந்தது.

தமிழ்ச்செல்வி கூண்டுக்குள் நடக்க ஆரம்பித்தாள். நாலு எட்டு வைத்தால் கம்பு. திரும்பினால் நாலு எட்டு.

"நடக்காத, படு. நாய் படுத்துச்சு" என்று வெள்ளைத்துரை சைகை காட்டினார்.

"படுத்தா தாங்காது சார்."

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க."

வந்தார்கள். குழுத் தலைவர் வெளியூர்ப் பேராசிரியர், பட்டுப்புடவை, மூக்குக் கண்ணாடி. கூட இரண்டு பேர். தாளாளர் மூன்று மாலையோடு பின்னால். ஆன்சியிடம் நின்று, "இங்கே மாணவிகளுக்கு ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார்கள்.

"அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்றாள் ஆன்சி.

குழு தலையசைத்து எழுதிக்கொண்டது. அடுத்தது கூண்டு. வெள்ளைத்துரை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், எங்க மாணவிகள் எல்லாம் இந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து வர்றவங்க. முதல் தலைமுறை. இவங்களுக்கு வசதி பண்ணிக் குடுத்தா பயன்படுத்தத் தெரியாது. குடுக்கலேன்னா கேக்கத் தெரியாது. இதுதான் எங்களுக்குப் பெரிய பலம். அதாவது, ஆய்வுக்கு. இதோ பாருங்க, கதவு திறந்திருக்கு. இந்தப் பெண் வெளிய வராது. ஏன்னா நாங்க அப்படிப் பயிற்சி…"

தமிழ்ச்செல்வி வெளியே வந்தாள்.

வேகமாகக்கூட வரவில்லை. குனிந்து, நாடா கம்பில் மாட்டாமல் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, குழுத் தலைவரைப் பார்த்து, "கொஞ்சம் வழி விடுங்க மேடம்" என்றாள். எதிர்க் கதவைத் திறந்தாள். உள்ளே ஆனிமேரி எழுந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனிமேரி மேசை மேலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கழிவறைத் தாழ்ப்பாள், நல்ல கனம்.

"என்ன இது?" என்றார் குழுத் தலைவர்.

வெள்ளைத்துரையின் வாய் திறந்தபடி இருந்தது. அத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு கலைச்சொல்லும் வராத முதல் நொடி அது. ஆனிமேரிதான் பதில் சொன்னார்.

"ஆலோசனைக்குப் போயிருக்கா மேடம். ஏதோ ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்திருக்கா."

உள்ளே மெத்தை விழும் சத்தம் கேட்டது. பலகையில் ஆணி கிறீச்சிடும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொட்டி முழுக்க இருந்த தண்ணீர், பொங்கலிலிருந்து காத்திருந்த தண்ணீர், ஒரே மூச்சில் இறங்கியது.

"ஒலி சிகிச்சை மேடம்" என்றார் வெள்ளைத்துரை. சொல் திரும்பி வந்துவிட்டது. "அருவிச் சத்தம். மனசுல இருக்கிற கசடெல்லாம் போயிடும்."

"நேச்சுரலா இருக்கே."

"முழுக்க நேச்சுரல் மேடம்."

கதவு திறந்தது. தமிழ்ச்செல்வி வெளியே வந்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைக் குழுவில் யாரும் எந்தக் கல்லூரி ஆலோசனை மையத்து வாசலிலும் பார்த்ததில்லை. அவளைப் பார்த்ததும் ஆன்சி தன் இடத்தை விட்டு நகர்ந்தாள். பின்னோக்கம் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஓடியது. ஊக்கம் ஓடியது, உள்ளுணர்ச்சி ஓடியது, சுயமரியாதை நாடாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. ஒரு நிமிஷத்தில் துறையின் அத்தனை பெண்களும் மையத்தின் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். ஆனிமேரி மிஸ் வரிசையில் ஆன்சிக்கு முன்னால் நின்றார்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ இடத்துல பாத்திருக்கேன். மையம் இருக்கும், பூட்டியிருக்கும். பொண்ணுங்க வெக்கப்பட்டுப் போகவே மாட்டாங்க. இங்கதான் இவ்வளவு ஆர்வமாப் போறதைப் பாக்கிறேன்."

"எங்க பண்பாடு மேடம்" என்றார் தாளாளர்.

அறிக்கையில் அந்த ஒரு பத்தியால் கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. பாராட்டப்பட்ட மையத்தில் ஓர் ஆணியைக்கூட இனி மாற்றக் கூடாது என்று தாளாளர் உத்தரவு போட்டார். கொத்தனார் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பினார்கள். பலகையும் மெத்தையும் சுவரோரம் சாய்ந்து நின்றன. பெண்கள் வகுப்பில் எழுந்து, "ஆலோசனைக்குப் போயிட்டு வாரேன் சார்" என்றார்கள். அதை மறுக்க எந்த ஆசிரியருக்கும் அதிகாரம் இல்லை, மனநலம். தமிழ்ச்செல்வி காலி பாட்டிலோடு வீட்டுக்குப் போனாள். சோலையம்மாள் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுநாளைக்கு நிறைத்து வைத்தாள்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் வெள்ளைத்துரை ஆய்வாளர். மையத்தின் வருகையை அவர் ஆராய்ந்தார். முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்களின் மன அழுத்தம் மதிய உணவுக்குப் பின் உச்சம் தொடுவதும், வெயில் காலத்தில் குறைவதும், தண்ணீர் டிரம் திரும்ப வைக்கப்பட்டதும் ஏறுவதும் அவருக்கு வியப்பாக இருந்தன. கட்டுரை எழுதி ஒரு சர்வதேசக் கருத்தரங்கில் வாசித்தார். ஆண்கள் ஆலோசனை தேடுவதே இல்லை என்பது பேராபத்து. அவர்களுக்கும் உடனே மையங்கள் திறக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். கைதட்டினார்கள். தாளாளர் அந்தப் பரிந்துரையை அப்படியே நிறைவேற்றினார். செலவில்லாமல் செய்ய அவருக்கு வழி தெரியும். மாணவர் கழிவறை, ஆண் ஆசிரியர் கழிவறை, இரண்டும் மையங்கள் ஆயின. இந்தத் தடவை கொத்தனார் சொன்ன நாளில் வந்து, எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து, தரையை மட்டமாகப் பூசிவிட்டுப் போனார். கட்டுப்பாட்டுக் குழு வேலியோரக் கருவேல மரங்களைத் தேடிப் போனது. துறைத்தலைவர் வேலியோரம் போக முடியாது, உச்சிப்படியில் இருக்கிறவர்.

அடுத்த புதன்கிழமை, மூன்றாவது பீரியட். ஆலோசனை மையத்தின் கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு?"

"ஆலோசனை நடக்குது சார்" என்றாள் தமிழ்ச்செல்வி.

"யாருக்கு? என்ன பிரச்சினை?"

"ரகசியக் காப்பு சார். யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது."

வெளியே செருப்பு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் சத்தம் கேட்டது. நாலு எட்டு நடந்து போய், நாலு எட்டு திரும்பி வந்தது.

"இன்னும் எம்புட்டு நேரமாகும்?"

"மனசுல நெறைய இருக்கு சார்."

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு கதவோடு ஒட்டி, மேடைக்குரல் இல்லாமல், எந்த ஊர்க்காரரும் எந்த ஊர்க்காரரிடமும் கேட்கிற குரலில் வந்தது.

"ஆத்தா, அவசரம்த்தா."

"இது பாமரப் பேச்சு சார்" என்றாள் தமிழ்ச்செல்வி. "கலைச்சொல்லோட வாங்க."

வெளியே அவர் யோசிக்க ஆரம்பித்தார். அவள் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, விரல் விரலாகக் கழுவினாள்.